சைக்கிள் சில்லிலிருந்து இலத்திரனின் தற்சுழற்சிக்கு

இலத்திரன் பம்பரம்போலச் சுழல்கிறது என்ற வாக்கியம் உயர்தர மாணவர்களின் கொப்பிகளில் அடிக்கடி காணப்படுகிறது. அதை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் முன்னர் ஒருமுறை கணித்துப் பார்க்க வேண்டும். ஒட்டுசுட்டானிலோ முழங்காவிலிலோ இருக்கும் மாணவருக்கு ஒரு சைக்கிளும் மணிக்கூடும் அதற்குப் போதும்.

சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, முன்சில்லின் கம்பியொன்றில் நிறத்துணி கட்டிச் சுழற்றுங்கள். துணி பத்துச் செக்கனில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணி, அதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 2 சுற்று, ஆரை 0.3 மீற்றர், திணிவு 1 கிலோகிராம் என்றும், திணிவு முழுவதும் வளையத்திலேயே உள்ளது என்றும் கொள்வோம். விளிம்பின் கதி செக்கனுக்கு 3.77 மீற்றர், திணிவு, கதி, ஆரை மூன்றையும் பெருக்கினால், சுழற்சியின் அளவாகிய கோண உந்தம் 1.13 யூல் செக்கன் ஆகிறது.

இனி அவ்வளையத்தில் 1 மைக்குரோ கூலோம் ஏற்றம் சீராகப் பரவியிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். சுற்றும் ஏற்றம் மின்னோட்டமே ஆகையால், ஓட்டம் 2 மைக்குரோ அம்பியர். அதை வளையம் அடைக்கும் பரப்பாகிய 0.283 சதுர மீற்றரால் பெருக்க, வளையம் எவ்வளவு வலிய காந்தமாகிறது என்பதைக் காட்டும் காந்தத் திருப்பம் 0.565 மைக்குரோ அம்பியர் சதுர மீற்றர் என வரும். இதைக் கோண உந்தத்தால் வகுத்தால் கிடைப்பது கிலோகிராமுக்கு 0.5 மைக்குரோ கூலோம், அதாவது, ஏற்றத்தைத் திணிவின் இருமடங்கால் வகுத்த அதே எண். சில்லை வேகமாகச் சுற்றியும், சின்னப் பிள்ளையின் சைக்கிளில் செய்தும் பாருங்கள்: திணிவும் ஏற்றமும் மாறாதவரை, கதியும் ஆரையும் வெட்டுப்பட்டுப்போக, விகிதம் அப்படியே நிற்கும். இந்தக் கணிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏற்றமும் திணிவும் ஒரேவிதமாகப் பரவிய எந்தச் சமச்சீர் உருளைக்கும் கோளத்துக்கும் இவ்விகிதம் பொருந்தும்.

இலத்திரனில் அளக்கப்படும் விகிதமோ, அதன் ஏற்றத்தைத் திணிவின் இருமடங்கால் வகுத்து வருவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஏற்றத்தைக் கோளத்தின் மேற்பரப்பில் மட்டும் வைத்து, திணிவை உள்ளே சீராக நிரப்பிக் கணித்தாலும் 5/3 மடங்குதான் வரும். அதை நீங்களே செய்து பார்க்கலாம்.

அடுத்து, கதியைச் சோதியுங்கள். இலத்திரனின் தற்சுழற்சிக் (spin) கோண உந்தத்தின், ஒரு திசையில் அளக்கப்படும் கூறு 5.3×10⁻³⁵ யூல் செக்கன், திணிவு 9.1×10⁻³¹ கிலோகிராம், மரபுப் பௌதிகம் தரும் ஆரை 2.8×10⁻¹⁵ மீற்றர். திண்மக் கோளத்தின் கோண உந்தம் திணிவு, மேற்பரப்புக் கதி, ஆரை ஆகியவற்றின் பெருக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்பதால், நடுக்கோட்டின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 5×10¹⁰ மீற்றர் ஆகிறது. இது ஒளியின் கதியைப்போல் 170 மடங்கு. அடுக்குக்குறிகளை ஆறுதலாக எழுதுங்கள், மாணவர்கள் பிழைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். 1925இல் பௌதிகவியலாளர்களான உலென்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் தற்சுழற்சியை முன்வைத்தபோது மூத்த பௌதிகவியலாளர் லொரென்ஸ் எழுப்பிய தடையும் இந்தக் கதியைப் பற்றியதே. ஆரையைக் குறைத்தால் கதி மேலும் ஏறும். இருமடங்கு விகிதம், கோளம் எதையும் சுழற்றாமலேயே, 1928இல் பௌதிகவியலாளர் டிராக் இலத்திரனுக்கு எழுதிய சமன்பாட்டிலிருந்து வெளிவந்தது.