சென்னைக்குக் குடிவரும் குடும்பங்களுக்கு: பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பல்

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சென்னைக்குக் குடிவருபவர்கள் வீடு, ஸ்கூல் அட்மிஷன், கேஸ் கனெக்ஷன் எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளையின் பல் நினைவுக்கு வராது. அங்கே பெரும்பாலும் குழாய்த் தண்ணீரிலேயே, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு கலந்து வந்தது, தொடக்கப் பள்ளியிலேயே பல் பார்க்க ஆள் இருந்தது. இங்கே மெட்ரோ வாட்டரில், அதாவது மாநகரக் குடிநீரில், ஃப்ளோரைடு சேர்ப்பதில்லை. இயற்கையாகக் கொஞ்சம் இருந்தாலும் வீட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷின் பெரும்பாலும் எடுத்துவிடும். அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். தனியார் பள்ளிகளில் எப்போதாவது ஒரு கேம்ப் நடக்கும். டார்ச் அடித்துப் பார்த்து ஒரு சீட்டு கொடுப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். ஆக, அந்த வேலை மொத்தமும் இப்போது உங்கள் தலையில்.

முதலில் பேஸ்ட். டியூபைத் திருப்பி ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். இந்தியாவில் உச்சவரம்பு 1000. அளவை டியூபில் அச்சிட்டாக வேண்டும். கார்ட்டூன் படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் பலவற்றில் இதில் பாதிகூட இருக்காது, சிலவற்றில் இருக்கவே இருக்காது. மூலிகை பேஸ்ட்டிலும் பெரும்பாலும் இதே கதைதான். 1000-க்குப் பக்கத்தில் இருப்பதை வாங்கி, மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவும் வையுங்கள். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நெடுக வைத்தால் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். தேய்த்ததும் துப்பினால் போதும். வாய் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் தண்ணீரோடு போய்விடும்.

ஃப்ளோரைடு என்றாலே பல்லில் கறை என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் அளவுக்கு மிஞ்சி இருப்பதால் வருவது. அதை நினைத்துச் சென்னையில் பேஸ்ட்டை மாற்றத் தேவையில்லை. உங்கள் வீட்டில் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள் என்றால் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

இரவுப் பல் தேய்ப்புதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். பல்லில் ஒட்டியதைக் கழுவ ஒன்றும் இருக்காது. ஏழெட்டு வயது வரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும். ‘அவனே தேய்ச்சுக்கிறான்’ என்றால் முன்பல் மட்டும் தேய்க்கிறான் என்று அர்த்தம். பிள்ளைக்குப் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்து, ஒரு விரலால் கன்னத்தை விலக்குங்கள். கடைசிப் பல் வரை பிரஷ் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு நிமிடம் போதும்.

அந்தக் கடைசிப் பல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பல் எதுவும் விழாமலே, எல்லாவற்றுக்கும் பின்னால் கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுவார்கள். அவை நிரந்தரப் பற்கள், ஆயுசுக்கும் அவைதான். மேலே குறுகலான பள்ளங்கள் இருக்கும், பிரஷ் முனை அவற்றுக்குள் இறங்காது. பல் முழுதாக வெளிவந்ததும் டாக்டரிடம் காட்டி, பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் போடலாம். ஊசி, டிரில் எதுவும் இல்லை.

சாப்பாட்டில் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே கணக்கு. இனிப்போ மாவோ பட்டால் கிருமிகள் அமிலம் சுரக்கும். அது தணிய அரை மணி நேரமாவது ஆகும். காலையில் சர்க்கரை போட்ட பூஸ்ட், பத்து மணிக்கு கிரீம் பிஸ்கட், யாரோ பிறந்தநாளுக்கு சாக்லேட், வேனில் சிப்ஸ், டியூஷன் முடிந்து ரோஸ் மில்க், படுக்கும்போது பால். இதில் பல்லுக்கு ஓய்வே இல்லை. நாட்டுச் சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாம் கிருமிக்குச் சர்க்கரைதான். ஸ்நாக்ஸ் பாக்ஸில் சுண்டல், வேர்க்கடலை, வெள்ளரி, கொய்யா வையுங்கள். பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்.

மாதம் ஒருமுறை மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் டாக்டரிடம் பல்லில் ஒட்டி நிற்கும் ஃப்ளோரைடு பூச்சு (வார்னிஷ்) போட்டு, சாப்பாட்டைச் சரிசெய்தால் நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டும். நரம்பைத் தொட்டுவிட்டால் பால் பல்லுக்கும் ரூட் கெனால், மேலே கேப். பிடுங்கிவிட்டால் போச்சு என்று அவசரப்பட வேண்டாம். பால் கடைவாய்ப் பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியது. முன்பே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரும் பல்லுக்கு இடமிருக்காது. பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், இடத்தைக் காக்கும் கம்பி தேவையா என்று அப்போதே கேளுங்கள்.

குழந்தைப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரிடம் போவது நல்லது. பார்க் டவுனில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு, காலையிலேயே போய்விடுங்கள். போரூர், வேலப்பன்சாவடி பக்கத்துத் தனியார் பல் கல்லூரிகளில் கிளினிக்கைவிடச் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். பொதுவாக இங்குள்ள ஹெல்த் இன்ஷூரன்ஸில் பல் அடைப்பதெல்லாம் சேராது.

இரவில் வலித்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். கிராம்புத் தைலம் ஈறைப் புண்ணாக்கும். கற்பூரம் பிள்ளைகளுக்கு வலிப்பையே வரவழைக்கும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டர். வீக்கம் கண் வரை ஏறினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ, பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.