பைதானிலிருந்து சி லைப்ரரியை அழைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து மாணவர்கள் விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ் பதிவுக் கருவி செய்து என்னிடம் எடுத்து வருகிறார்கள். மேலே பைதான், அடியில் சி மொழியில் எழுதிய லைப்ரரி, இரண்டையும் இணைக்க இடையில் சிடைப்ஸ் (ctypes) என்ற பைதான் மாட்யூல். ஆட்கள் மாறுகிறார்கள், நான் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் மட்டும் மாறாமல் வருகின்றன. கோப்பின் பெயரைத் தப்பாகக் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உடனே பிழைச்செய்தி காட்டிவிடும்.

ரெஸ்டைப் எழுதாமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஃபங்ஷன் எந்த வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்று ரெஸ்டைப்பில் (restype) நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். இன்ட் 32 பிட். நினைவக முகவரியைத் தாங்கும் பாயிண்டர், 64 பிட் கணினியில் 64 பிட். முகவரியின் மேல்பாதி சத்தமில்லாமல் போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் கருவியைப் பொருத்த முடியும். ஒரு குழு 32 பிட் இயங்குதளம் போட்ட ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் எழுதி, அதிலேயே சோதித்தது. அங்கே பாயிண்டரும் 32 பிட் என்பதால் குறை தெரியவில்லை. பொருத்தும்போது மெமரி கார்டில் 64 பிட் இயங்குதளத்தை ஏற்றிவிட்டார்கள். தடை முடிந்து படகு கிளம்பியது, கருவி செத்துக் கிடந்தது. சம்மாட்டி (படகு உரிமையாளர்) பேட்டரியைத் திட்டினார், பையன்கள் உப்புக்காற்றைப் பழித்தார்கள், வயர்களெல்லாம் மாறின.

லைப்ரரி தந்த பாயிண்டரை அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"சார், மைனஸில் வருகிறது!"

முகவரி எங்காவது மைனஸில் வருமா? ரெஸ்டைப்பை வாய்ட் பாயிண்டராக (c_void_p, வெறும் முகவரி) மாற்றினார்கள். மறுபடியும் செக்மென்டேஷன் ஃபால்ட், தப்பான முகவரியைத் தொட்டு புரோகிராம் விழுந்தது. ஃபங்ஷனுக்குள் போகும் மதிப்புகளின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸை (argtypes) எழுதவில்லை, முழுதாக வந்த முகவரி, அடுத்த ஃபங்ஷனுக்குள் போகும்போது திரும்பவும் இன்ட் ஆகி வெட்டுப்பட்டது. இரண்டையும் எழுதுங்கள், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும். பைதான் 3.3 முதல் கூடவே வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் (faulthandler) மாட்யூலை இயக்கி வைத்தால், எந்த வரியில் விழுந்தது என்றாவது தெரியும்.

லாங் எங்கும் ஒன்று என்று நம்புவது

சி-யின் லாங் என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4.

கால்பேக்கைப் பிடித்து வைக்காதது

சி பிறகு திருப்பி அழைப்பதற்காக அதனிடம் கொடுக்கும் பைதான் ஃபங்ஷன்தான் கால்பேக். அதை ஒரு மாறியில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் பைதான் அதைக் குப்பையென்று அள்ளிவிடும். சி அழைக்கும்போது அங்கே ஒன்றும் இராது.

நினைவகத்தை விடுவிப்பது

லைப்ரரி ஒதுக்கிய இடத்தை அதே லைப்ரரியின் ஃபங்ஷனால் விடுவியுங்கள். அது தரும் சரத்துக்கு (string) ரெஸ்டைப்பாக கேர் பாயிண்டரைப் (c_char_p) போட்டால், சிடைப்ஸ் அதைப் பைதானின் பைட்ஸ் ஆக்கிக் கொடுத்துவிடும். மூல முகவரி கைவிட்டுப் போகும், விடுவிக்க வழியிருக்காது. அங்கேயும் வாய்ட் பாயிண்டரே போடுங்கள். சரத்தைப் படித்த பிறகு விடுவியுங்கள்.