பதினோரு ஆண்டு, ஒரு மேகம்: லெ ஜான்தியின் கதையை வகுப்பில் சொல்லும் முறை

பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜான்தியைப் பற்றிப் பள்ளியிலோ அறிவியல் மன்றத்திலோ அரைமணி நேரம் பேச முன்வருபவர்கள் பெரும்பாலும் புதுச்சேரி வானத்து மேகத்திலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஒரு மனிதர் எதற்காகப் பதினோரு ஆண்டுகளைக் கடலிலும் தீவுகளிலும் கழித்தார் என்பது அவர்களுக்குக் கடைசிவரை விளங்காது. ஆகவே முதல் ஐந்து நிமிடத்தை வெள்ளி இடைநகர்வுக்கே, அதாவது வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதை விளக்கவே ஒதுக்குங்கள்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் சுவரில் இடம் பெயர்ந்து தெரியும். இரு கண்களுக்குப் பதில் பூமியில் வெகு தொலைவிலுள்ள இரண்டு ஊர்களையும், விரலுக்குப் பதில் வெள்ளியையும், சுவருக்குப் பதில் சூரியனையும் வைத்துக்கொண்டால், அந்தப் பெயர்ச்சியிலிருந்து சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தைக் கணிக்கலாம் என்பதுதான் 1716-இல் எட்மண்ட் ஹேலி முன்வைத்த யோசனை. வெள்ளி சூரியனின் முகத்தைக் கடப்பது எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்து, பிறகு நூறாண்டுக்கு மேல் நிகழாது. 1761-ஐயும் 1769-ஐயும் விட்டால் அடுத்தது 1874 என்று கரும்பலகையில் எழுதிவிட்டால், லெ ஜான்தியின் பிடிவாதத்துக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

இனிப் பயணத்தைச் சொல்லலாம். 1760 மார்ச்சில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புதுச்சேரி நோக்கிப் புறப்பட்ட அவர் மொரீஷியஸ் வழியாகக் கேரளக் கரையின் மாஹே அருகே வந்தபோதுதான், 1761 ஜனவரியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்ற செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தும் அவர் நின்றது நடுக்கடலில்.

கப்பலிலிருந்து பார்த்தால் என்ன குறை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஒரு சாவியை நூலில் கட்டி அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். நின்றபடி ஆட்டினால் சாவி சீராக ஆடும். அதைப் பிடித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி நடந்தால் தாறுமாறாக ஆடும். அக்காலத்து நுண்ணிய கடிகாரம் ஊசல் கடிகாரம்தான். நேரமும் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாத அளவீட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் அளந்து குறித்தார், ஆனால் அது எதற்கும் உதவவில்லை.

அடுத்த எட்டாண்டில் அவர் மடகாஸ்கரை ஆராய்ந்ததையும் மணிலாவுக்குப் போனதையும் ஓரிரு வரியில் கடந்துவிடலாம். 1768 மார்ச்சில், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்த புதுச்சேரியில் இறங்கிய பின் மட்டும் நிதானியுங்கள். இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேல் ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அவருக்கு வானாய்வுக் கூடம் அமைத்துக் கொடுத்தார்; கீழே நிலவறையில் வெடிமருந்து இருந்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பினார்கள். 1769 ஜூன் 4 காலை, சூரியன் உதித்த பின் இடைநகர்வின் முடிவு தெரிய வேண்டிய நேரத்தில் மேகம் மூடியது. எல்லாம் முடிந்த சற்றைக்கெல்லாம் வெயில் அடித்தது. அவர் விட்டு வந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைத் தொடக்கூட அவருக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்ன பின் சில நொடி மௌனமாக இருங்கள், நகைச்சுவை வேண்டாம்.

பலர் இங்கேயே கதையை நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் நமக்கு முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. புதுச்சேரியில் அவர் ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். காகிதமும் அட்டவணையும் இல்லாமல், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களையும் தரையில் பரப்பிய சோழிகளையும் கொண்டு செய்யும் கணக்கு அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தத் தமிழரின் கணக்கு 41 வினாடி குறைந்தது. ஐரோப்பாவில் சிறந்ததாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி கூடியது. ஒரே கிரகணத்தை வைத்து யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆனால் சோழியில் அந்த நுட்பம் எப்படி வந்தது என்பதை விளக்க முடியும்.

நிலவின் வேகம் கூடிக் குறைவது ஏறத்தாழ 248 நாளில் ஒன்பது சுற்று முடிக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. முதல் வாக்கியம் ‘கீர்ந: ச்ரேய:’. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் கீ 3, ந 0, ரே 2, ய 1. பின்னிருந்து படித்தால் 1203, அதாவது நிலவு அன்று 12 பாகை 3 கலை நகரும் (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). பிள்ளைகளையே எழுத்துக்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வாக்கியப் பஞ்சாங்க மரபு நிற்பதும் இந்த 248 வாக்கியங்களின் மீதுதான்.

1771 அக்டோபரில் அவர் பிரான்சில் கால் வைத்தபோது, புறப்பட்டுப் பதினோரு ஆண்டு, ஆறு மாதம், பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் இறந்துவிட்டதாக வதந்தி பரவி, வாரிசுகள் சொத்துக்குத் தயாராக இருந்தார்கள். வழக்குப் போட்டும் செலவுதான் மிஞ்சியது. அவர் மனைவி வேறொருவரை மணந்துவிட்டார் என்று இணையத்தில் சுற்றும் கதையை மட்டும் சேர்க்காதீர்கள்: அவர் திருமணம் செய்துகொண்டதே ஊர் திரும்பிய பிறகுதான்.

நேரம் போதாவிட்டால் மணிலாவையும் சொத்து வழக்கையும் வெட்டிவிடுங்கள். சாவியையும் சோழியையும் வெட்ட வேண்டாம்.