துட்டி வீட்டுக்கு வெளியேயும் ஆள் இருக்கு

ஊரில் ஒருத்தர் தற்கொலையில் போய்விட்டால் எல்லாரும் அந்தத் துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு, வாசலில்தான் கூடுவோம். முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். ஆனால் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டு, மகளிர் குழுக் கணக்கும் எழுதுகிறவள் நான். அடி வாங்கினவர்கள் அந்த வீட்டுக்குள் மட்டும் இல்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கிறேன்.

ஒரு தற்கொலை ஆறு பேரைப் பாதிக்கும் என்று ரொம்ப காலம் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் ஜூலி செரல் என்பவரும் கூட இருந்தவர்களும் ஆட்களிடமே விசாரித்து, இறந்தவரைத் தெரிந்தவர்கள் சராசரியாக 135 பேர் என்று 2018-ல் கணக்குச் சொன்னார்கள். அத்தனை பேரும் உடைந்துபோக மாட்டார்கள். ஆனால் யார் உடைவார் என்பது சொந்தபந்தத்தை வைத்துத் தெரியாது. இந்தியாவில் 2022-ல் மட்டும் 1,70,924 பேர் இப்படி இறந்ததாக அரசுக் கணக்கு. 135-ஆல் பெருக்கினால் இரண்டு கோடியைத் தாண்டும். வெளிநாட்டுக் கணக்குதான், தெருவே ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றும் ஊரில் அது குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேர் எழுதுங்கள். முதலில் பார்த்தவர் யார்? கடைசியாகப் போனில் பேசியவர்? முந்தின வாரம் சண்டை போட்டவர்? கடன் கொடுத்துத் திருப்பிக் கேட்டவர்? இவர் வாய் திறந்து அழக்கூட மாட்டார், ஊர் பேசும் என்ற பயம். பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பையன். தினமும் பக்கத்தில் தட்டு வைத்து இலை வெட்டுகிறவள். அவளுக்குத் துட்டி கேட்க யாரும் வர மாட்டார்கள், அவள் சொந்தம் இல்லையே!

துட்டி வீட்டில் 'எப்படி?', 'லெட்டர் இருந்ததா?' என்று கேட்காதீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்தக் கேள்விதான். காரணம் ஒன்றாகவும் இருக்காது. போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் இப்படிப்பட்ட எல்லாச் சாவுக்கும் உள்ள நடைமுறை, உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை என்று சொல்லி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு ஒரு ஆள் போங்கள்.

அப்புறம் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் அந்த நோட்டை எடுங்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக, "மதினி, ராத்திரி தூங்குதியளா? அவ நெனப்பு வருதா?" என்று கேட்டால் போதும். 'நான் அன்னைக்கு ஒரு போன் பண்ணிருந்தா' என்று ஆரம்பிப்பார்கள். 'அப்படி நினைக்காதே' என்று வாயை அடைக்காமல் முழுக்கக் கேளுங்கள். பேச்சு வேறு மாதிரிப் போனால், "உங்களுக்கும் சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 104 அரசு மருத்துவ உதவி எண், இரண்டுமே இலவசம், தமிழில் பேசலாம். நீங்களே போட்டு அவர் கையில் கொடுங்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஹைகிரவுண்டிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்குவார்கள்; அன்றைக்குப் பீடிக்கடையில் போட வேண்டியதை மற்றவர்கள் பங்கு பிரித்துச் சுற்றிக் கொடுத்துவிடலாம்.