பஸ்டர் கீட்டன் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

சாப்ளினைத் தெரியாதவர் நம்மில் குறைவு. அதே காலத்தில் அவருக்குச் சமமாக நின்ற மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் பெயரைச் சொன்னால் "யாரு அது?" என்கிறார்கள். எனக்கு அது தீராத வருத்தம்.

என் மகளுக்கு எட்டு வயதானபோது, எடுத்த எடுப்பிலேயே 'தி ஜெனரல்' போட்டுக் காட்டினேன். கீட்டனின் பெரிய படம் அதுதானே என்ற நினைப்பு. பாதியில் தூங்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு 'ஒன் வீக்' (1920) போட்டேன், எழுந்து உட்கார்ந்தாள். நீங்களும் குழந்தைகளோடு அதிலேயே தொடங்குங்கள். அரை மணிகூட ஆகாது. புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு வருகிறது. எண்படி பொருத்த வேண்டும். பொறாமைக்காரன் ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். அவ்வளவுதான் கதை. இடையில் வரும் எழுத்து அட்டைகளை நிறுத்தி, தமிழில் சொல்லிவிடுங்கள்.

செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். கீட்டன் கேமராவைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை தெரியும்படி நடிப்பவர். சின்னத் திரையில் அந்த உடம்பின் வித்தை தெரியாது. ஒரே படத்துக்கு இணையத்தில் பல பிரதிகள் கிடைக்கும். ஆட்கள் வெடுக் வெடுக்கென்று ஓடினால் வேறு பிரதி தேடுங்கள். பின்னணி இசை பொருந்தாவிட்டால் ஒலியை அணைத்துவிடலாம், தப்பே இல்லை.

அடுத்த படத்துக்கு முன் அவர் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள். 1895இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் மேடைக் கலைஞர்கள். சிறுவனின் சட்டையில் கைப்பிடி தைத்து, அப்பா அவனை மேடையில் தூக்கி எறிவார். தான் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்று அந்த வயதிலேயே கண்டுகொண்டான். படங்களில் நாம் பார்க்கும் அவருடைய அசையாத முகம் அப்படி வந்தது.

இப்போது 'ஷெர்லாக் ஜூனியர்' (1924). ரயில் மேலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கும் காட்சியில், கொட்டும் நீர் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது அவருக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இதைப் படம் முடிந்தபின் சொல்லி, அந்த இடத்தை மறுபடி ஓட்டுங்கள். என் மகள் நான்கு முறை பார்த்தாள்.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) பார்க்கும்போது முன்கூட்டி எதுவும் சொல்லாதீர்கள். புயலில் ஒரு வீட்டின் முகப்பு முழுதும் அவர் மேல் சாயும். திறந்திருந்த ஜன்னல் வழியே தப்பி நிற்பார். சுவர் நிஜம், எடையும் நிஜம். இரு பக்கமும் சில அங்குல இடைவெளிதான்.

இதற்கு அப்புறம் 'தி ஜெனரல்'. ஓரிகன் மாநிலத்தில் எடுத்தது. பாலத்தோடு ஆற்றில் விழுவது பொம்மை இல்லை, உண்மையான ரயில் என்ஜின். வெளிவந்த காலத்தில் இந்தப் படம் ஓடவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

1928இல் எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எடுத்த முதல் படம் 'தி கேமராமேன்' அருமை. பிறகு தன் படத்தின் மேலேயே அவருக்கு அதிகாரம் போய்விட்டது, குடி, மணமுறிவு. அங்கே நடித்த பேசும் படங்களைக் குழந்தைகளோடு பார்க்க வேண்டாம், மனசு கனத்துவிடும். 1940இல் எலினாரை மணந்தபின் வாழ்க்கை நிலைப்பட்டது.

கடைசியாக 1952இல் வந்த சாப்ளினின் 'லைம்லைட்'. அதில் இருவரும் ஒரே மேடையில் வரும் காட்சியை மட்டும் போடுங்கள். பியானோ முன் கீட்டன் உட்கார, இசைத்தாள்கள் நழுவி நழுவி விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் கைகளைப் பாருங்கள்.