445 நாள் நீண்ட ஆண்டு: கி.மு. 46-ஐக் கணக்கிடுவதில் நேரும் தவறுகள்

ரோமில் கி.மு. 46-ஆம் ஆண்டுக்கு 445 நாட்கள். இது தெரியாமல் அந்த ஆண்டின் தேதிகளை இன்றைய நாட்காட்டியில் அப்படியே பொருத்துவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

ஜூலியஸ் சீசர் இஷ்டத்துக்கு நாட்களைக் கூட்டி ஆண்டைக் குழப்பிவிட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். நடந்தது நேர் எதிர். பழைய ரோம ஆண்டுக்கு 355 நாட்கள்தான். பருவத்தோடு ஒட்டிப்போக, அவ்வப்போது பிப்ரவரியைக் குறைத்து ஓர் இடைமாதம் சேர்ப்பார்கள். நம் பஞ்சாங்கத்தின் அதிக மாசம் கணிதப்படி வரும். ரோமில் அதை முடிவு செய்தது குருமார் குழு. வேண்டியவரின் பதவிக்காலத்தை நீட்டவும் வேண்டாதவரின் காலத்தைச் சுருக்கவும் அந்த அதிகாரம் பயன்பட்டது. அந்தக் குழுவின் தலைவர் கி.மு. 63 முதல் சீசரேதான். காலியா (இன்றைய பிரான்ஸ் பகுதி) போரும் உள்நாட்டுப் போரும் நடந்த ஆண்டுகளில் இடைமாதங்கள் பெரும்பாலும் விடுபட்டன. நாட்காட்டி பருவத்தைவிட ஏறக்குறைய மூன்று மாதம் முன்னே ஓடிவிட்டது. அந்தப் பாக்கியைத்தான் கி.மு. 46-ல் தீர்த்தார்கள். பிப்ரவரியில் 23 நாள், நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இரண்டு இடைமாதங்களாக 67 நாள். 355-உடன் இந்த 90-ஐக் கூட்டினால் 445.

பருவத்தை மறப்பது அடுத்த தவறு. ஆப்பிரிக்காவில் சீசர் வென்ற தாப்சஸ் போர் ஏப்ரல் 6 என்று படித்ததும் வசந்தகாலப் போர் என்று எழுதிவிடுகிறார்கள். கி.மு. 45 ஜனவரி 1-லிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், பருவக் கணக்கில் அது பிப்ரவரி முதல் வாரத்தையொட்டி விழும். குளிர்காலக் கடலைத் தாண்டித்தான் அந்தப் படைக்குத் தானியமும் துணைப்படையும் வந்துசேர வேண்டியிருந்தது. பருவத்தை மாற்றிவிட்டால் அந்தச் சிரமமே கண்ணில் படாது.

நாள் எண்ணும் முறையிலும் சறுக்குவது உண்டு. நாடுகடத்தப்பட்டிருந்த லிகாரியஸுக்கு எழுதிய கடிதத்தில், முதல் இடைமாதத்தின் கலெண்டுக்கு, அதாவது முதல் தேதிக்கு, ஐந்தாம் நாள் முன்பு காலையில் சீசரைப் பார்க்கப் போனதாக ரோமப் பேச்சாளர் சிசரோ குறிப்பிடுகிறார். ரோமர் இரு முனை நாட்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். அன்றைய நவம்பருக்கு 29 நாட்கள். ஆக, கலெண்ட் ஒன்று, 29 இரண்டு, 28 மூன்று, 27 நான்கு, 26 ஐந்து: நவம்பர் 26. நவம்பரை 30 நாளாக வைத்து எண்ணினால் 27 வரும். முனை நாளை விட்டுவிட்டால் 25. இரண்டு தவறையும் ஒன்றாகச் செய்தால் சரியான 26-ஏ கிடைத்துவிடும்! விடை சரி என்பதால் வழியும் சரி என்று நம்பிவிடக் கூடாது. பருவக் கணக்கில் அந்த நாள் செப்டம்பர் பிற்பகுதி.

ஆண்டு எண்ணில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ஜியம் கிடையாது. வானியல் மென்பொருளோ கி.மு. 1-ஐப் பூஜ்ஜியமாக வைக்கும்; அதனால் அதில் கி.மு. 46 என்பது -45; -46 என்று இட்டால் ஓராண்டு முன்னால் போய்விடுவீர்கள். ரோமர் இதை அன்றாடம் 708-ஆம் ஆண்டு என்று சொல்லவும் இல்லை. நகரம் தோன்றியதிலிருந்து எண்ணும் கணக்கு பெரும்பாலும் வரலாற்றாசிரியர்களுடையது. மக்களுக்கு அது சீசர் மூன்றாம் முறையும் லெபிடஸும் கான்சல்களாக, அதாவது ஆண்டுதோறும் மாறும் இரு தலைமை ஆட்சியாளர்களாக, இருந்த ஆண்டு.

கி.மு. 45 ஜனவரி 1-ல் சீசர் கொண்டுவந்த ஜூலியன் நாட்காட்டி தொடங்கியதும் எல்லாம் சீராகிவிட்டது என்பதும் தவறு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டிய லீப் நாளைக் குருமார்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தார்கள். 36 ஆண்டுகளில் 9-க்குப் பதில் 12 லீப் நாட்கள் சேர்ந்தன. பின்னர் பேரரசர் அகஸ்டஸ் சில லீப் நாட்களை நிறுத்திவைத்து அதைச் சரிக்கட்டினார். அதுவரையுள்ள ரோமத் தேதிகளை மாற்றும்போது சில நாள் வித்தியாசத்துக்கு இடம் விட்டே எழுத வேண்டும்.