மோட்டர்ஹோமில் வெந்நீர்: முதலில் வண்டி சூடாகட்டும், பிறகு தண்ணீர்

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் வாடகைக்குக் கிடைக்கும் மோட்டர்ஹோம்கள் (படுக்கை, சமையலறையோடு தங்கிப் பயணிக்கும் வண்டிகள்) பலவற்றில் ட்ரூமா காம்பி என்ற ஜெர்மன் ஹீட்டர் இருக்கும். கட்டிலுக்கோ இருக்கைக்கோ அடியில் ஒரே பெட்டி. உள்ளே வெப்பக்காற்றை அனுப்புவதும் அதுதான், 10 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சுவதும் அதுதான். வீட்டு கீசர் மாதிரி சுவிட்சைத் தட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் குளிர்காலத்தில் முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். எரிவாயுவில் ஓடும் மாடலுக்கான வரிசை இது.

1. சிலிண்டர். குளிருக்கு புரொப்பேன்தான். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாகாமல் நின்றுவிடும். சிலிண்டர் கனமாக இருக்கும், ஹீட்டர் பற்றாது. பிரிட்டனின் கேலர் நிறுவனச் சிலிண்டர்களில் சிவப்பு புரொப்பேன், நீலம் பியூட்டேன். பிரிட்டனின் புரொப்பேன் சிலிண்டரில் இடதுமரை என்பதால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு.

2. வெளிச்சுவரில் ஹீட்டரின் புகைவழிக்கு மூடி போட்டிருந்தால் கழற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். தரையிலுள்ள காற்றுத் துளைகளை மிதியடியால் மூடாதீர்கள். சிலிண்டரிலுள்ள எரிவாயு (எல்பிஜி) காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி வெளியேற அதுதான் வழி.

3. தண்ணீர் நிரப்பாமல் வெப்பக்காற்றை மட்டும் போடுங்கள். காம்பியை வெறும் தொட்டியோடு ஓட்டலாம், கெட்டுப்போகாது. இந்தப் படியைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும், பம்பு நிற்காமல் உறுமும். காரணம், ஹீட்டருக்குப் பக்கத்திலுள்ள ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் வால்வு. அந்த இடம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால், தண்ணீர் உறைந்து தொட்டி வெடிக்காமலிருக்க அது தானே திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். தானாக மூடாது. சுமார் 7 டிகிரிக்கு மேல் போன பிறகு நீங்கள்தான் குமிழைத் திருப்பிப் பொத்தானை அமுக்கி மூட வேண்டும். அதற்குமுன் எத்தனை முறை அமுக்கினாலும் நிற்காது. துணிக் கிளிப் மாட்டிப் பொத்தானைப் பிடித்து வைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. செய்யாதீர்கள்: அழுத்தம் மிஞ்சினால் தண்ணீர் வெளியேறுவதும் அதே வால்வு வழியாகத்தான்.

4. வால்வு மூடியதும் பம்பைப் போட்டு, எல்லாக் குழாய்களையும் வெந்நீர்ப் பக்கம் திறங்கள். முதலில் காற்று தும்மித் தும்மி வரும். ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகு மூடுங்கள்.

5. பாத்திரம் கழுவ 40 டிகிரி போதும், குளிக்க 60. பத்து லிட்டர்தானா என்று பயப்பட வேண்டாம். 60 டிகிரி வெந்நீரோடு 10 டிகிரி பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கும் சூட்டில் 16 லிட்டருக்கு மேல் கிடைக்கும். சோப்பு போடும்போது ஷவரை மூடினால் ஒருவருக்குத் தாராளம்.

மின்சாரத்திலும் ஓடும் மாடலென்றால் 900, 1800 வாட் என இரண்டு நிலைகள். கேம்ப்சைட்டில் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) தரும் மின் இணைப்பு 10 ஆம்பியர் என்றால் மொத்தம் 2300 வாட்தான். ஹீட்டர் 1800இல் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும். எரிவாயுவில் பெரிய மாடல் முழுவேகத்தில் மணிக்கு 480 கிராம் வரை எரிக்கும். 6 கிலோ சிலிண்டர் பன்னிரண்டரை மணி நேரம். வண்டி சூடேறியதும் செலவு வெகுவாகக் குறையும். சிலிண்டர் நிறைய இருந்தும் ஹீட்டர் பற்றவில்லையென்றால் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். விசிறியும் பற்றவைப்பும் அதில்தான் ஓடுகின்றன.

6. வண்டியைக் குளிரில் நிறுத்திவிட்டுப் போகும்போது ஹீட்டரையும் பம்பையும் அணைத்து, குழாய்களை வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் நடுநிலையில் திறந்து வைத்து, வால்வைத் திறங்கள். ஷவர் தலையைத் தரையில் படுக்க வையுங்கள், அதன் குழாயில் தங்கும் தண்ணீர்தான் முதலில் உறையும். கீழே வாளி வைத்து அளந்து பாருங்கள். பத்து லிட்டர் வரவில்லையென்றால் ஏதோ ஒரு குழாய் இன்னும் மூடியிருக்கிறது.